64 படங்களும் ஒரு பென்சிலும்

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, 64 படங்கள்.

ஒரு கடன் நிறுவனத்துக்கு விண்ணப்பச் செயலி வடிவமைக்கிறேன் என்று சொன்னேனே, அதற்கு வயர்ஃப்ரேம், அதாவது ஒவ்வொரு திரைக்கும் நிறமில்லாத கோட்டுப் படம், போட உட்கார்ந்தேன். விண்ணப்பிப்பவர், கிளை எழுத்தர், மேலாளர், தணிக்கையாளர் என நான்கு பேர் பார்ப்பார்கள். விண்ணப்பம் பாதியில் நிற்கலாம், பரிசீலனையில் இருக்கலாம், ஒப்புதல் ஆகலாம், திரும்பி வரலாம். தமிழ், ஆங்கிலம். போன், கணினி. பெருக்கிப் பார். ஒன்று விடாமல் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்து அம்புக்குறி போட்டு இணைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் இடியாப்பம். கூட்டத்தில் காட்டியபோது அங்கிருந்த பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இந்த பட்டன் ஏன் சாம்பல் கலர்ல இருக்கு?" என்றார். வயர்ஃப்ரேமில் எல்லாமே சாம்பல்தான் சார் என்றேன். அத்தோடு கூட்டம் முடிந்தது.

திரும்பி வரும்போது உன் ஞாபகம்தான். நீ வீட்டு பிளான் போட்டால் சுவருக்கு ஒரு தாள், வயரிங்குக்கு ஒரு தாள், குழாய்க்கு ஒரு தாள். கொத்தனார் சுவிட்ச் போர்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். நான் எல்லாவற்றையும் ஒரே தாளில் திணித்திருக்கிறேன்.

மறுநாள் ஏ4 தாளில் பென்சிலால் கட்டம் போட்டேன். மேலே ஆட்கள், பக்கவாட்டில் நிலைகள், மொத்தம் 16. தணிக்கையாளர் படிக்க மட்டும்தான் வருகிறார், அவருக்கு ஒரே திரை போதும். மேலாளருக்குப் பரிசீலனையில் மட்டும் வேலை, மற்ற நேரத்தில் அதே படிக்கும் திரைதான். பாதியில் நிற்கும் விண்ணப்பம் எழுத்தரிடம் வருவதே இல்லை. இப்படிக் கழித்துக்கொண்டே போனதில் ஒன்பது மிஞ்சியது. மொழிக்குத் தனிப் படம் தேவைப்படவில்லை, நீளமான தமிழை முதலில் எழுதிவிட்டால் ஆங்கிலம் அதற்குள் அடங்கிவிடும். 'சப்மிட்'டுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' வெளியே வழிந்தது. 'அனுப்பு' என்று மாற்றினேன். அதுதான் நல்ல தமிழும்கூட.

லாரி டெஸ்லர் என்று ஒருவர், 2020இல் காலமானார். கணினியில் வெட்டி ஒட்டும் வசதியை உருவாக்கியவர்களில் ஒருவர். எந்தச் செயலியிலும் குறைக்கவே முடியாத சிக்கல் கொஞ்சம் இருக்கும், அதை யார் தலையில் வைப்பது என்பதுதான் கேள்வி என்பது அவர் கணக்கு. எங்கள் படிவத்தில் வங்கிப் பெயர், கிளை, கிளைக்கான ஐஎஃப்எஸ்சி குறியீடு என மூன்று பெட்டிகள். 11 எழுத்து ஐஎஃப்எஸ்சியை வைத்தே வங்கியும் கிளையும் தெரிந்துவிடுமே என்று இரண்டை அழித்தேன். நிரல் எழுதும் பையன் முகத்தைத் தூக்கிக்கொண்டான். வங்கிகள் இணைந்தால் குறியீடு மாறும், அந்தப் பட்டியலை யார் பார்த்துக்கொள்வது என்கிறான். நியாயம்தான். ஆனாலும் அந்தச் சுமை அவனிடமே இருக்கட்டும்.

எழுத்தர் அம்மாவிடம்தான் தோற்றேன். படிப்படியாகப் பிரித்துக் காட்டினால், "எனக்கு எல்லாம் ஒரே பக்கத்துல வேணும் தம்பி, டேப் கீயை அமுக்கி அமுக்கிப் போயிடுவேன்" என்றார். நாள் முழுக்க இதே வேலை செய்கிறவர். அவருக்கு நெருக்கமான திரையையே போட்டுக் கொடுத்தேன், பார்க்க எனக்கே மூச்சு முட்டுகிறது.

சரி, முழங்கால் வலி எப்படி? மொட்டை மாடி அறைக்கு பிளான் போடுவதாகச் சொன்னாயே, அனுப்பு. குழாய்த் தாளையும் சேர்த்து.

உன் நண்பன்