யுவே மின்ஜுனின் சிரிப்பு

அன்புள்ள சாக்பீசுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். இனி சண்டை.

சீன ஓவியர் யுவே மின்ஜுன் ஒரே மூஞ்சியை வரைந்து காசு பார்க்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதை விட மனசு வரவில்லை. அது அவருடைய மூஞ்சிதான்டா! எண்ணெய் வயலில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, ஹெபே மாகாணத்தில் ஓவியம் படித்து 1989-இல் வெளியே வந்தவர். அந்த வருடம் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தை ராணுவம் சுட்டு நசுக்கியது உனக்குத் தெரியும். வாய் திறந்து பேச முடியாத இடத்தில் வாய் பிளந்து சிரிக்கிற முகம் அது. கண்ணோ இறுக மூடியிருக்கிறது.

1995-இல் வரைந்த ‘மரண தண்டனை’யைப் பார். சுடுகிறவர்கள் கையில் துப்பாக்கியே இல்லை, பிடித்திருப்பது போல பாவனை மட்டும். எதிரே நிற்பவர்கள் உள்ளாடையோடு சிரிக்கிறார்கள். பின்னால் சிவப்புச் சுவர். 2007-இல் லண்டனில் 29 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனதே, அந்தப் பணம் படத்தை வைத்திருந்தவருக்குப் போனது, வரைந்தவருக்கு இல்லை.

சரி, நீ வரைந்து அனுப்பிய மூன்று முகங்கள். பல்லில்தான் கோட்டை விட்டிருக்கிறாய். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே கறுப்புக் கோடு போட்டால் சொத்தைப் பல் மாதிரித்தான் தெரியும். முதலில் பல்வரிசை முழுவதையும் ஒரே பட்டையாகப் பூசு. டைட்டானியம் வெள்ளையில் துளி மஞ்சள் ஓக்கர் போதும். ஈரம் காய்ந்த பிறகு, வெளிர் சாம்பலில் மெல்லிய கோடு. ஈறுப் பக்கம் கொஞ்சம் அழுத்தம், நுனிக்கு வரும்போது கரைந்துவிட வேண்டும். கடைவாய்ப் பற்களை மங்கலாக்கு, இல்லாவிட்டால் வாய் வளையாமல் தட்டையாக நிற்கும். வாய்க்குள் கறுப்பு வேண்டாம், செம்பழுப்பு வை.

தோலுக்கு ரோஸ் நிறத்தை மெல்லிசாகப் பூசி, காய்வதற்குள் காய்ந்த மெத்துப் பிரஷால் தடவிவிடு. தூரிகைத் தடம் தெரியக் கூடாது. ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் மேற்பரப்பு சுருங்கும், பின்னாளில் மஞ்சளிக்கும்.

கண்ணை மூடியதாகப் போட்டால் மட்டும் போதாது. கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ள வேண்டும். அது உன் மூன்றாவது முகத்தில் அழகாக வந்திருக்கிறது. மற்ற இரண்டையும் சுரண்டிவிடு, இதில் பல்லை மட்டும் திருத்தி அனுப்பு.

உன்,
டஸ்டர்