சிதல் மருந்தும் கிணற்றுத் தண்ணீரும்

ஆசிரியருக்கு,

பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் சங்கத்துக்குப் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். வாழ்த்துகள். சூட்டோடு சூடாகக் குமரி மாவட்டத்தையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

இங்கே வருடத்தில் இரண்டு பருவமழை. பலா, அயனி மரங்களில் கதவும் மச்சும் செய்த பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. நிலைக்காலில் மண்கோடு ஏறிவிட்டால் சிதல் (கரையான்) மருந்துக்கு ஆள் கூப்பிட்டே ஆக வேண்டும். வருகிறவர்கள் சுவரோரம் வரிசையாகத் துளை போட்டு, குளோர்பைரிபாஸோ இமிடாகுளோப்ரிடோ ஏதாவது ஒரு பூச்சிக்கொல்லியை ஊற்றி, சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போகிறார்கள். பல வீடுகளில் அடுக்களையை ஒட்டியே கிணறு. குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். கிணறு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. மருந்து கலக்கும் பையன்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. கையுறை கிடையாது, மூக்கைச் சுற்றி ஒரு துவர்த்து (துண்டு), அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். உரிய படிப்பும் பயிற்சியும் உள்ளவர் பொறுப்பில் இருக்க வேண்டும். இது வீட்டுக்காரர்கள் பலருக்குத் தெரியாது. விலை குறைவு என்று யாரையாவது கூப்பிடுகிறோம்.

உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தாலுகா வாரியாகச் சங்கம் வெளியிடலாம். மருந்தின் பெயர், அளவு, உரிம எண் மூன்றையும் ரசீதில் எழுதுவதை உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கலாம். அப்புறம், கிணற்றுக்குப் பக்கத்தில் துளை போடும் வேலையை, வீட்டுக்காரரே கேட்டாலும் மறுக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகர்,
தக்கலை