இரண்டாவது கோடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீயும் இப்போது உன் பையனைக் கூட்டிக்கொண்டு தனியாக வேறு மாநிலத்துக்குக் குடிபோகப் போகிறாய். நேற்று போனில் "என்னையும் வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா தனியா சமாளிச்ச?" என்று கேட்டாய். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

அப்படியொன்றும் சமாளிக்கவில்லை. உனக்கு அப்போது 8 வயது. உன்னைக் கூட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்கு வந்த புதிதில், புதுப் பள்ளியில் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், பிறந்த தேதி, தடுப்பூசி விவரம் எல்லாம் மளமளவென்று எழுதியாயிற்று. அப்புறம் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள்' என்று இரண்டு கோடுகள். முதல் கோட்டில் என் பெயர். இரண்டாவதில் பேனாவை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மாநிலம் முழுக்க எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. "அப்பா பேரை எழுதுங்க" என்றார் எழுத்தர். உன் அப்பா இருந்ததோ ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். கடைசியில், முந்தின நாள்தான் அறிமுகமான வீட்டுக்காரம்மாவின் பெயரை அவரிடம் கேட்காமலே எழுதிவிட்டு, சாயங்காலம் போய் அசடு வழியச் சொன்னேன். மூன்றாம் மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது, நான் மீட்டிங்கில் போனை அணைத்து வைத்திருந்தேன். உன்னைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தது அவர்தான்.

அதனால் வீடு பார்ப்பதற்கு முன்னால் அந்த இரண்டாவது கோட்டுக்கு ஆள் பார். வீடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.

கோர்ட் விஷயத்தில் அவசரப்படாதே. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை உன் பையனை அவன் அப்பா வந்து பார்க்கலாம் என்றுதானே உத்தரவு? மாநிலம் மாறினால் அது நடக்கிற காரியமா? வாரங்களுக்குப் பதிலாக விடுமுறையில் மொத்தமாக இத்தனை நாள், பயணச் செலவு யாருடையது, வீடியோ கால் எந்த நேரம் என்றெல்லாம் முதலிலேயே பேசி எழுத்தில் வாங்கு. அவர் சரி என்று வாயால் சொன்னதை நம்பி வண்டி ஏறாதே. கோர்ட் அனுமதி வேண்டுமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள். கோபத்தில் கிளம்பிப் போனால் பிறகு அதுவே உனக்கு எதிராகத் திரும்பும்.

மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கோர்ட் உத்தரவு எல்லாம் கைப்பையில் வை. சாமான் வண்டி எனக்கு மூன்று நாள் தாமதமாக வந்தது, சான்றிதழ்கள் அதற்குள்ளே இருந்தன. அந்தக் கூத்தை நேரில் சொல்கிறேன்.

இன்னொன்று. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. கிளம்புகிறோம் என்று உனக்கு நான்கு நாள் முன்புதான் சொன்னேன். முன்னாடியே சொன்னால் அழுவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் உன் அழுகையைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை. ரயிலில் மேல் படுக்கையிலிருந்து தலையை நீட்டி, "அப்பாவுக்கு நம்ம புது வீடு எங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாய். "தூங்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உன் பயலும் கேட்பான். அவனிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசிவிடு.

இரண்டாவது கோட்டில் என் பெயரை எழுதலாம் என்று பார்க்காதே, நான் வந்து சேர ஒரு ராத்திரி ஆகும். ஆனால் முதல் இரண்டு மாதம் கூட வந்து இருக்கிறேன். அதற்குள் அக்கம்பக்கத்தில் ஒருவரைப் பிடித்துவிடலாம். எந்தத் தேதி என்று சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அம்மா