பயிற்சியாளரின் ஒப்பந்தம்: பொதுக்குழுவுக்குப் போகும் அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஹாக்கிப் பொதுக்குழுவுக்கு நம் பக்கத்திலிருந்து நீங்கள் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். சந்தோஷம். அங்கே தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தால், "எவ்வளவு கேட்கிறார்?" என்ற இடத்திலேயே பாதி நேரம் போய்விடும். நீங்கள் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தொகையை எப்படியாவது பேசி முடித்துவிடலாம். சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது, அணியை யார் எடுப்பது, தகராறு வந்தால் எங்கே போவது என்பதை எழுதி வைக்காததுதான் ஆளை விரட்டுகிறது.

2014 ஞாபகம் இருக்கும். இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானை ஷூட் அவுட்டில் வென்று, 16 ஆண்டுக்குப் பிறகு தங்கம். கூடவே ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி. அதே அக்டோபரில் அந்த அணியின் பயிற்சியாளர் டெர்ரி வால்ஷ் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். இங்கே விளையாட்டு அதிகாரிகள் முடிவெடுக்கும் விதத்தோடு ஒத்துப்போக முடியவில்லை என்பது அவர் எழுதிய காரணம். சமாதானம் பேசினார்கள், நவம்பரில் அது முறிந்தது. அடுத்து வந்த பால் வான் ஆஸ் 2015 ஜூலையைத் தாண்டவில்லை. ஆண்ட்வெர்ப்பில் நடந்த போட்டியின்போது ஹாக்கி இந்தியா சம்மேளனத்தின் தலைவரோடு உரசல். என்னை நீக்கிவிட்டார்கள் என்றார் அவர். முகாமுக்கு அவர்தான் வரவில்லை என்றது சம்மேளனம். ஒருவர் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பதையே ஆளுக்கொரு மாதிரி சொல்ல முடிந்தது என்றால், ஒப்பந்தம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும்?

வெளிநாட்டுப் பயிற்சியாளருக்குச் சம்பளம் தருவது சாய், அதாவது இந்திய விளையாட்டு ஆணையம். வேலை வாங்குவது சம்மேளனம். தீப்பெட்டி ஆபீசில் கூலி போடுகிறவர் ஒருவர், கணக்குப் பார்க்கிறவர் வேறொருவர் என்றால் சம்பள நாளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியாளர் கேட்கும் காணொளிப் பகுப்பாய்வாளர், பிசியோ, கோல்கீப்பர் பயிற்சியாளர் எல்லாமே ஏ.சி.டி.சி. என்கிற ஆண்டுத் திட்டத்தில் ஏறி, சாய் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். அதில் விடுபட்டால் ஆண்டு நடுவில் சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே உதவிக் குழுவின் பதவிகளையும் எண்ணிக்கையையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகவே வைத்து, அதை அப்படியே திட்டத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

வரிதான் பலரும் கவனிக்காத இடம். மாதம் 10,000 டாலர் என்று பேசி முடிக்கிறார்கள் என்று வையுங்கள். வந்தவர் அதைக் கைக்கு வரும் தொகை என்று எடுத்துக்கொள்வார். அலுவலகம் பிடித்தத்துக்கு முந்தைய தொகை என்று எடுத்துக்கொள்ளும். 30 சதவீதம் என்று தோராயமாகப் போட்டாலே கைக்கு வருவது 7,000. கையில் 10,000 நிற்க வேண்டுமானால் மொத்தம் 14,285 போட வேண்டும். இந்த இடைவெளியைச் சண்டை வந்த பிறகு யாரும் நிரப்ப மாட்டார்கள். இன்னொன்று: நிதியாண்டில் 182 நாள் இங்கே தங்கினால் அவர் வரிக்கணக்கில் இங்கு வசிப்பவர். முதல் சில ஆண்டுகளுக்கு அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்குப் பொதுவாக இங்கே வரி வராது. ஆனால் முந்தைய ஏழு ஆண்டில் தங்கிய நாள் 729-ஐத் தாண்டி, முந்தைய பத்து ஆண்டில் குறைந்தது இரண்டு ஆண்டாவது வரிக்கணக்கில் இங்கு வசித்தவராகவும் இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். வருஷத்துக்கு 250 நாள் முகாமில் கிடப்பவருக்கு இது நான்காவது ஆண்டில் வரும். ஒலிம்பிக் சுழற்சியின் தொடக்கத்தில் சேர்ந்தவருக்கு நான்காவது ஆண்டுதான் ஒலிம்பிக் ஆண்டு! அவர் ஊர் வீட்டு வாடகைக்கும் இங்கே கணக்குக் காட்டச் சொல்லி நிற்க வேண்டாம். ஒரு ஆடிட்டர் செலவை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். சம்பளத் தேதியும், எந்த நாள் டாலர் மதிப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

அணித் தேர்வு. முகாமுக்கு அழைக்கும் பட்டியலைத் தேர்வுக் குழு போடட்டும். போட்டிக்குப் போகும் 18 பேரில், ஒலிம்பிக் என்றால் 16 பேரில், கடைசிச் சொல் பயிற்சியாளருடையதாக இருக்க வேண்டும். தோற்றால் பதில் சொல்லப் போவது அவர்தானே. 2018-இல் ஆண்கள் அணியிலிருந்து பயிற்சியாளர் மாரினேயைப் பெண்கள் அணிக்கும், அங்கிருந்து ஹரேந்திர சிங்கை இங்கும் மாற்றினார்கள். மாரினேயின் பெண்கள் டோக்கியோவில் நான்காவது இடம் வந்தார்கள் என்பதால் அந்த முறை சரியாகிவிடாது.

மதிப்பீட்டு நாளையும் கேளுங்கள். 2026-இல் உலகக் கோப்பை ஆகஸ்ட் 30-இல் முடிகிறது. ஆசிய விளையாட்டு செப்டம்பர் 19-இல் தொடங்குகிறது. நடுவில் இருபது நாள்கூட முழுசாக இல்லை. ஆசியத் தங்கத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நேரடி இடம் உண்டு. அந்த இடைவெளியில் "விளக்கம் கொடு" என்று கூட்டம் போட்டால் இரண்டும் போகும்.

பிரிவது பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். கால்பந்தில் இந்திய அணிப் பயிற்சியாளர் ஸ்டிமாச்சை 2024 ஜூனில் நீக்கினார்கள். ஒப்பந்தமோ 2026 வரை. கடைசியில் 4 லட்சம் டாலருக்குத் தீர்த்தார்கள். எத்தனை மாத நோட்டீஸ், எந்த முடிவு வராவிட்டால் விலக்கலாம், நிலுவை எத்தனை நாளில், தகராறு எந்த மன்றத்துக்கு என்று நாலு வரி போதும். 2025 விளையாட்டு ஆளுகைச் சட்டத்தில் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது; அங்கா, இரு தரப்பும் ஏற்கும் ஆர்பிட்ரேஷன் நடுவரிடமா என்பதை முன்பே முடிவு செய்யட்டும்.

இவ்வளவும் வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். உயர்நிலை வீரர்களைத் தயார்செய்யும் இந்தியப் பயிற்சியாளருக்கு மாதச் சம்பளத்தில் இருந்த 2 லட்ச ரூபாய் உச்சவரம்பை 2020-லேயே அமைச்சகம் எடுத்துவிட்டது.

நமக்கு இதில் என்ன என்று கேட்பார்கள். ஹாக்கிப்பட்டி என்று பேர் வாங்கிய கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் ஆடினார். மேலே தலைமைப் பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் ஆட்ட முறையும் உடல்தகுதி அளவும் மாறும். கிருஷ்ணா நகர் மைதானத்துப் பையன்கள் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.

வரைவு ஒப்பந்தத்தைக் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பே அனுப்பச் சொல்லி இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். மேஜையில் வைத்துக் கையெழுத்து வாங்கினால், வரிப் பத்தியை யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டி மைதானத்துக்காரர்கள் சிலர்