பிள்ளைக்கு எழுதிய புத்தகம் பிள்ளையுடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பிள்ளைகளுக்குப் பெற்றோரே புத்தகம் எழுதிப் பரிசாகக் கொடுக்கலாம் என்று வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். ஏழு வருடமாக இதைச் செய்துகொண்டிருப்பவன் என்பதால் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஆனால் கட்டுரைக்குக் கீழே ஒரு அறிவிப்பும் இருந்தது. அப்படி எழுதிய புத்தகங்களை அனுப்பினால், நல்லதாகத் தேர்ந்தெடுத்து, குழந்தையின் பெயர், புகைப்படத்தோடு வெளியிடுவோம் என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறேன், கதை எழுதிப் பழக்கமில்லை. மகளின் நான்காவது பிறந்தநாளுக்கு ஒருவர் அவள் பெயர் போட்டு அச்சடித்த கதைப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பெயர், தலைமுடி, தோல் நிறம் எல்லாம் சொல்லிவிட்டால் அச்சாகி வந்துவிடுமே, அந்த வகை. அட்டையில் தன் பெயரைப் பார்த்ததும் குழந்தை துள்ளிக் குதித்தாள். உள்ளே இரண்டாம் பக்கத்திலேயே அவள் பெயரைப் போட்டு "காட்டுக்குள் ஓடினான்" என்று இருந்தது. "நான் பையனாப்பா?" என்று கேட்டாள். நான் வாசிக்கும்போது "ஓடினாள்" என்று மாற்றி மாற்றிப் படித்துச் சமாளித்தேன்.

தமிழில் பெயரை மட்டும் மாற்றி வைத்து ஒரு கதையை ஓட்ட முடியாது. மீனா என்றால் மீனாவுக்கு, அருள் என்றால் அருளுக்கு, மாறன் என்றால் மாறனை, மாறனோடு. பெயர் எந்த எழுத்தில் முடிகிறது என்று பார்த்துத்தான் உருபு ஒட்டும், வினைச்சொல்லும் ஆணா பெண்ணா என்று பார்த்துத்தான் முடியும். கோடு போட்ட இடத்தில் பெயரை நிரப்பினால் "மீனாக்கு", "அருள்க்கு" என்றுதான் வரும். அச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், இது எனக்காக எழுதினது இல்லை என்று குழந்தைக்கு அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது. நாலாவது நாள் அந்தப் புத்தகத்தை அவள் தொடவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் நான் உட்கார்ந்து முதல் புத்தகத்தை எழுதினேன். எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 32 பக்கம் வரும், கடையில் வாங்கும் படப் புத்தகங்கள் பலவும் அத்தனை பக்கம்தான். முதல் தடவை தாள் தாளாக வரிசையாக எழுதிவிட்டு அப்புறம் மடித்தேன், பக்கமெல்லாம் தாறுமாறாகப் போய்விட்டது. வெளித் தாளில் ஒன்றாம் பக்கத்துக்குப் பக்கத்தில் 32-ம் பக்கம் வரும், அதன் பின்புறம் இரண்டும் 31-ம் வரும். அதனால் முதலில் வெறும் தாளை மடித்துச் சேர்த்து மூலையில் எண் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பிப்பதுதான் சரி. தைப்பது சுலபம். மடிப்பில் மூன்று ஓட்டை போட்டு, நடு ஓட்டையில் உள்ளிருந்து ஊசியை வெளியே விட்டு, மேல் ஓட்டை வழியாக உள்ளே கொண்டுவந்து, நேராகக் கீழ் ஓட்டைக்குப் போய் வெளியே எடுத்து, திரும்ப நடு ஓட்டைக்குள் வந்து, உள்ளே நீளமாக ஓடும் நூலையும் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சு. என் மகள் அதைப் பிடித்து இழுத்து, மடக்கி, தலைக்கு வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டாள், ஏழு வருடமாகப் பிரியவில்லை.

எனக்குப் படம் வரையவும் வராது. அதனால் அவள் காலைத் தாளில் வைத்துச் சுற்றி பென்சிலால் கோடு இழுத்தேன். அந்தக் காலடிக்குள்தான் கதை. வருடா வருடம் ஒரு புத்தகம், கடைசிப் பக்கத்தில் அந்த வருடத்துக் காலடி. முதல் புத்தகத்தில் இருக்கும் கால் என் விரித்த கைக்குள் அடங்கும்.

மகன் மூன்று வயதில் போன நாளுக்கும் வரும் நாளுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தான். "நாளைக்கு நான் குட்டியா இருந்தேன்ல?" என்பான். அதையே தலைப்பாக வைத்து அவனுக்கு ஒரு புத்தகம் எழுதினேன். அதில் எல்லாமே நாளைக்குத்தான் நடந்தது. நாளைக்கு மழை பெய்தது, நாளைக்குக் கீழே விழுந்தான், நாளைக்கு அக்கா தூக்கிவிட்டாள். போன வருடம் அவனே எழுத்துக் கூட்டி அதைப் படித்துவிட்டு, "அப்பா, தப்பா எழுதியிருக்கீங்க, நேத்துன்னு வரணும்" என்று பென்சிலை எடுத்துக்கொண்டு வந்தான். நான் திருத்தவிடவில்லை. அவன் அப்படிப் பேசியது அவனுக்கே ஞாபகம் இல்லை, வீட்டில் யாரும் அதைப் பதிவு செய்யவும் இல்லை, அந்த 32 பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது, நான் சொல்ல வந்த விஷயம்.

மகளுக்கு ஏழு வயதானபோது ஒரு பயம் இருந்தது. எதைக் கண்டு என்று இங்கே எழுதவில்லை. அந்தப் பயத்தைப் பற்றி, அவளும் நானும் ராத்திரியில் பேசிக்கொண்டதையெல்லாம் வைத்து, ஒரு புத்தகம் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தினமும் ராத்திரி எடுத்து வைத்துக்கொள்வாள். ஒருநாள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய், நான் பெருமையாக அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். கேலியில்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள், நன்றாக எழுதியிருக்கிறேன் என்று என்னைப் பாராட்டவும் செய்தார்கள். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து மெத்தையைத் தூக்கித் தட்டியபோது அடியில் அந்தப் புத்தகம் கிடந்தது. அவள் பெயர் வருகிற ஒவ்வொரு இடத்திலும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழித்திருந்தாள். ஒரு இடம்கூட விடவில்லை. அழுத்தித் தேய்த்ததில் மை அடுத்த பக்கத்துக்கு இறங்கியிருந்தது. கேட்டபோது, "அது நம்ம ரெண்டு பேருக்கும்தானே எழுதினீங்க, ஏன்பா எல்லார்கிட்டயும் படிச்சீங்க?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டாள்தான், பிள்ளைகள் சீக்கிரம் மன்னிக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் என்னிடம் எதைச் சொன்னாலும், "இதைப் புத்தகத்துல எழுத மாட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

இது என் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. ஆங்கில எழுத்தாளர் ஏ.ஏ.மில்ன் தன் மகன் கிறிஸ்டோபர் ராபினையும் அவனுடைய பொம்மைகளையும் வைத்து எழுதிய 'வின்னி த பூ' கரடிக் கதைகள் 1926-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் புகழ் பெற்றன. கதையில் வருகிற பையனுக்கு மகனின் சொந்தப் பெயரையே வைத்திருந்தார். அந்த மகன் விடுதிப் பள்ளிக்குப் போனபோது, கூடப் படித்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே அவரை வாட்டியெடுத்தார்கள். தன் பெயரை அப்பா தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டதாக ஒரு காலத்தில் தோன்றியது என்று 1974-ல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் அவரே எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்பா பிரியத்தோடு எழுதியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போனது பையன்.

இன்னொரு பக்கம் ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் இருக்கிறார். 1941-ல் மகள் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது, ஏதாவது கதை சொல்லு என்று கேட்டு, நாயகிக்குப் பிப்பி லாங்ஸ்டாக்கிங் என்று ஒரு விசித்திரமான பெயரையும் அவளே அந்த நிமிஷம் உண்டாக்கிக் கொடுத்தாள். அம்மா அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டே போனார். 1944-ல் காலில் அடிபட்டு நடக்க முடியாமல் இருந்த நாட்களில் எழுதி முடித்து, அந்த மே மாதம் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு அந்தப் பிரதியைப் பரிசாகக் கொடுத்தார். முதலில் அனுப்பிய பதிப்பகம் வேண்டாம் என்று திருப்பியது, 1945-ல் வேறு பதிப்பகம் அச்சிட்டது. அந்தக் கதையில் மகள் பாத்திரமாக இல்லை, மகளின் பெயரும் இல்லை. ஆனால் மகள் கொடுத்த சொல்லிலிருந்துதான் எல்லாம் முளைத்தது. பிள்ளைக்காக எழுதுவது என்றால் பிள்ளையையே கதாநாயகியாக வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஊர் முழுக்கப் படிக்கப் போகிற கதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் இணைப்புக்கு அனுப்பச் சொல்கிற புத்தகங்கள் இந்த இரண்டாவது வகையாக இருக்காது. நிஜப் பெயரோடு, குழந்தை எப்போது அழுதது, எதற்குப் பயந்தது, யாரோடு சண்டை போட்டது என்று இருக்கும், அப்படி இருந்தால்தான் அது அந்தக் குழந்தைக்குப் பிடிக்கும். அதோடு முகமும் சேர்ந்து பத்திரிகையில் வந்தால் மறுநாள் வகுப்பில் எல்லார் கையிலும் இருக்கும், இணையத்தில் ஏறிவிட்டால் இறக்கவே முடியாது. நான்கு வயதில் சம்மதம் கேட்டால் சரி என்றுதான் சொல்லும். பன்னிரண்டு வயதில் அதே குழந்தை என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் தயவுசெய்து அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தில், மடிப்பது எப்படி, தைப்பது எப்படி, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பக்கத்துக்கு எத்தனை வரி என்றெல்லாம் படம் போட்டுச் சொல்லிக் கொடுங்கள். எழுதத் தெரியாது என்று தயங்குகிற அம்மா அப்பாக்களுக்கு அதுதான் உதவும். என் அனுபவத்தில் பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் போகாமல் இருந்தால் போதும், பிள்ளை பேசுகிற மாதிரியே எழுதினால் போதும், தினமும் அது சொல்வதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால் வருடக் கடைசியில் புத்தகம் பாதி தயாராக இருக்கும். பதிப்பாளர்களைத் தேட வேண்டாம். படிக்கப் போவது ஒரே ஒரு ஆள், அந்த ஆள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தாள். நான் முதலில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டு, "எதுக்குப் பயந்தேன்னு வேண்டாம்பா, என் பேரும் வேண்டாம், மத்தது எழுதிக்கோங்க" என்றாள். ஆகவே என் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்