ஒர்பாளின் ஜனம்

என் அன்பு ஒர்பாளுக்கு,

ஸ்தோத்திரம். விடுதியில் போட்ட ரூத் நாடகத்தின் வேஷப் பெயர்களை நாம் மூவரும் இன்னும் விடவில்லை, பார். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் எட்டு மாதங்களைக் கடத்திவிட்டேன், மன்னித்துக்கொள். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், மகனும் மருமகளும் நலம். நகோமி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். வழக்கம்போல் உன்னைக் குறை சொல்லித்தான் தொடங்கினாள். உன் தங்கைக்குக் கண் அறுவைச் சிகிச்சை எப்படி முடிந்தது என்பதை மறக்காமல் எழுது.

நான் இப்போது பாரிசில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ற வியாழக்கிழமை அவன் என்னை லூவர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனான். மோனாலிசாவைப் பார்க்கலாம் என்று அவன் சொல்ல, எனக்குப் பழைய மோவாப் நாட்டு ராஜா மேசா எழுதிவைத்த கல்லைப் பார்த்தால் போதும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முப்பது ஆண்டுகள் வரலாற்றுப் பாடம் நடத்தியவள் அந்தக் கல்லைப் பார்க்காமல் ஊர் திரும்ப முடியுமா? பார்த்ததிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அது ஏறக்குறைய என் மார்பளவு உயரமுள்ள கருங்கல். தலைப்பக்கம் நம் ஊர் நடுகல்லைப்போல் வளைந்திருக்கிறது. அருகில் போனால்தான் அது ஒரே கல்லாக இல்லை என்பது தெரிகிறது. உடைந்த துண்டுகள் சொரசொரப்பாக ஒரு நிறத்தில் இருக்கின்றன. அவற்றுக்கிடையே வழவழப்பாகப் பூசி நிரப்பிய பகுதி வேறு நிறத்தில் இருக்கிறது. எழுத்துகள் மட்டும் துண்டிலிருந்து பூச்சுக்கும் பூச்சிலிருந்து துண்டுக்கும் தடையின்றி ஓடுகின்றன. மொத்தம் 34 வரிகள்; சொல்லுக்குச் சொல் ஒரு புள்ளி, வாக்கியம் முடியும் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

1868இல் சவக்கடலுக்குக் கிழக்கே தீபோனில், அதாவது இன்றைய யோர்தான் நாட்டின் தீபானில், கிளைன் என்ற மிஷனரி இதைக் கண்டார். யார் வாங்குவது என்று ஐரோப்பியர்கள் போட்டியிட, ஒட்டோமான் அதிகாரிகளும் தலையிட, வெறுத்துப்போன பெனி ஹமீதா என்னும் பழங்குடியினர் கல்லை நெருப்பில் காயவைத்துக் குளிர்ந்த நீரை ஊற்றிச் சுக்குநூறாக உடைத்துவிட்டார்கள். துண்டுகளைக் குடும்பங்களுக்குள் பங்கிட்டு, விளைச்சல் பெருகும் என்று தானியக் குதிர்களில் வைத்ததாகச் சொல்கிறார்கள். நல்லவேளையாக, உடைப்பதற்கு முன்பே கிளெர்மோன் கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஆளனுப்பி, ஈரக் காகிதத்தை ஒற்றி எழுத்துகளைப் படியெடுக்கச் செய்திருந்தார். அந்தப் படி இல்லையென்றால் இன்று நாம் மோவாபியரைப்பற்றி அவர்களுடைய எதிரிகள் சொன்னதை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்போம்.

நாம் ஞாயிறு பள்ளியில் மோவாபியரைப்பற்றி என்ன படித்தோம் என்று நினைத்துப்பார். லோத்து குடிமயக்கத்தில் தன் மூத்த மகளிடம் பெற்ற பிள்ளை மோவாப் என்று தொடங்கி, இஸ்ரவேலரைச் சபிக்கப் பிலேயாமைக் கூலிக்கு அழைத்த பாலாக், ஏகூத்தின் கத்திக்கு இரையான எக்லோன், பாகால்பேயோரில் இளைஞர்களைக் கெடுத்த பெண்கள் என்று ஒருவர்கூட நல்லவராக வருவதில்லை. மேசாவையும் இரண்டாம் ராஜாக்கள் புத்தகம் அப்படித்தான் காட்டுகிறது: இலட்சம் ஆட்டுக்குட்டிகளைக் கப்பமாகக் கட்டிவந்தவன், ஆகாப் இறந்ததும் கலகம் செய்தான், மூன்று ராஜாக்கள் சேர்ந்து நெருக்கியபோது தன் மூத்த மகனை மதில்மேல் பலியிட்டான். கல்லிலோ அந்த மேசாவே பேசுகிறான். காலம் சுமார் கி.மு. 840. “நான் மேசா, மோவாபின் ராஜா, தீபோன் ஊரான்” என்று தொடங்கி, தன் தகப்பன் முப்பது ஆண்டுகள் அரசாண்டதையும், கேமோஷ் தேவன் தன் நாட்டின்மேல் கோபங்கொண்டதால் இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கியதையும், பிறகு அதே கேமோஷ் இரங்கி நாட்டை மீட்டுத் தந்ததையும் சொல்கிறான். கேமோஷ் என்ற பெயரை எடுத்துவிட்டால் நியாயாதிபதிகளின் புத்தகத்தைத்தான் படிக்கிறோமோ என்று தோன்றும். மொழியும் எபிரேயத்துக்கு மிக நெருங்கியது. அந்தக் காலத்தில் அர்னோன் ஆற்றுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்தவர்கள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொண்டிருப்பார்கள்.

கல்லில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறிய செய்தி. நகரத்துக்குள் தண்ணீர்த் தொட்டி இல்லாததால், அவரவர் வீட்டில் ஒரு தொட்டி வெட்டிக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்குக் கட்டளையிட்டதாக மேசா எழுதியிருக்கிறான். மழைநீரைச் சேமித்துப் பிழைத்த மேட்டுநிலத்துக்காரர்களின் அன்றாடக் கவலை அந்த வரியில் இருக்கிறது. ஆனால் சற்று மேலேதான் நேபோ ஊரை விடியற்காலை முதல் நண்பகல்வரை போரிட்டுப் பிடித்து, 7,000 பேரைப் பெண்கள் உட்படக் கொன்று தன் தேவனுக்குச் சங்காரமாக ஒப்புக்கொடுத்ததையும் பெருமையாக வெட்டியிருக்கிறான். வேதத்தில் யோசுவா எரிகோ நகரத்தை அழித்ததைச் சொல்லும் அதே எபிரேயச் சொல்லின் வேர்தான் அங்கும் நிற்கிறது. மோவாபியர் நம் வாத்தியார் சொன்னதைப்போல் பொல்லாதவர்களும் இல்லை, நான் இரக்கப்பட்டு எண்ணிக்கொண்டதைப்போல் அப்பாவிகளும் இல்லை. அவர்கள் இஸ்ரவேலரைப்போல் இருந்தார்கள். எனக்கு அதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வேதாகமத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உபாகமம் 23ஆம் அதிகாரம், எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரை மோவாபியர் அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொண்டு வராததால், பத்தாம் தலைமுறையிலும் அவர்கள் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது. ஆனால் பெத்லெகேமில் பஞ்சம் வந்தபோது நகோமியின் கணவன் எலிமெலேக்கின் குடும்பம் அப்பம் தேடிப் போனது எங்கே? அதே மோவாபுக்கு. பத்து ஆண்டுகள் அவர்களுக்குச் சோறு போட்டது அந்த மண்தான். நகோமியின் மகன்களுக்கு ரூத்தையும் ஒர்பாளையும் பெண் கொடுத்ததும் அந்த ஜனம்தான். பிற்காலத்தில் சவுலுக்குப் பயந்து ஓடிய தாவீது, வயதான தாய் தகப்பனை நம்பி ஒப்படைத்ததும் மோவாபின் ராஜாவிடமே. ரூத்தின் பேரனான ஈசாய்க்குப் பாட்டியின் ஊரில் அடைக்கலம் கிடைத்தது. இதெல்லாம் முதலாம் சாமுவேல் 22இல் இருக்கிறது. நான் எத்தனையோ முறை படித்துவிட்டுக் கடந்துபோயிருக்கிறேன்.

ஆனால் இரண்டாம் சாமுவேல் 8ஆம் அதிகாரம் இரண்டாம் வசனத்தைக் கடக்க முடியவில்லை. ராஜாவான தாவீது மோவாபை முறியடித்து, மனிதரைத் தரையில் கிடக்கவைத்து, நூல் போட்டு அளந்து, இரண்டு நூல் அளவு பேரைக் கொன்று, ஒரு நூல் அளவு பேரை உயிரோடு விட்டான். ஏன் என்று ஒரு சொல்கூட அங்கே இல்லை. அடைக்கலம் கொடுத்தவன் தாவீதின் பெற்றோரைக் கொன்றுவிட்டான், அதற்குப் பழி இது என்று யூத விளக்கவுரை மரபு ஒரு காரணம் சொல்கிறது. வேதத்தில் அப்படி எதுவும் இல்லாததால் என் மனம் அதை ஏற்கவில்லை. நாளாகமத்தை எழுதியவருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அதே போரைச் சொல்லும்போது அவர் நூல் போட்டு அளந்ததை விட்டுவிட்டுக் கப்பத்தை மட்டும் எழுதுகிறார்.

ஒர்பாளே, இப்போது உன்னிடத்துக்கு வருகிறேன். விடுதி நாடகத்தில் உனக்குக் கிடைத்தது ஒரு முத்தமும் ஓர் அழுகையும்தான். “உம்முடைய ஜனத்தண்டைக்கு உம்மோடேகூட வருவோம்” என்ற வரியையும் என்னோடு சேர்ந்துதான் சொன்னாய். திரைக்குப் பின்னால் வந்து, “நான் என்ன தப்புப் பண்ணினேன்? அவள்தானே போகச் சொன்னாள்?” என்று நீ கேட்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இன்று வருந்துகிறேன். வேதத்தில் வரும் ரூத் நகோமியோடு பெத்லெகேமுக்குப் போனாள்; ஒர்பாள் மாமியார் சொல்லைக் கேட்டுத் தன் தாய்வீட்டுக்குத் திரும்பினாள். நகோமி சொன்னபடி அவள் தன் ஜனத்தில் ஒருவனை மணந்து பிள்ளைகள் பெற்றிருந்தால், அவளுடைய கொள்ளுப்பேரன்களும் ரூத்தின் கொள்ளுப்பேரனாகிய தாவீதும் ஒரே காலத்தவர்கள். தரையில் கிடந்தவர்களில் அவர்களும் இருந்திருக்கலாம். ஒரே வீட்டில் ஒன்றாக மாவரைத்த இரண்டு மருமகள்களின் வாரிசுகளில் ஒருவன் கையில் நூல் இருந்தது, மற்றவன் அதன் கீழே கிடந்தான். யூத மரபு நூலான தல்மூத்தோ இன்னும் ஒருபடி மேலே போய் ஒர்பாளைத் தாவீதின் எதிரி கோலியாத்துக்கே தாயாக்கிவிட்டது. திரும்பிப் போனதற்கு இவ்வளவு பெரிய பழியா என்று எனக்குக் கோபமே வருகிறது.

என் விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டதோ என்று பயப்படாதே. ஏசாயா மோவாபின் அழிவைச் சொல்லிக்கொண்டே அதற்காக ஓலமிடுகிறார். எரேமியா தம் இருதயம் மோவாபுக்காகக் குழல்போல் புலம்புவதாகச் சொல்லி, கடைசி நாட்களில் கர்த்தர் மோவாபின் சிறையிருப்பைத் திருப்புவார் என்ற வாக்கோடுதான் அந்த அதிகாரத்தை முடிக்கிறார். மேசாவின் கல்லில் எதிரிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான் அந்த இரண்டு தீர்க்கதரிசிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் ரூத் புத்தகத்தை நான்கு வாரங்கள் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை நான் ஒர்பாளை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு ரூத்தோடு பெத்லெகேமுக்குப் போய்விடுவேன். இந்த முறை ஒரு வாரம் முழுவதும் மோவாபிலேயே நிற்கப்போகிறேன். தாவீது போட்டு அளந்த அந்த நூலைப்பற்றி வாய்திறப்பதா வேண்டாமா என்பதில்தான் உன் யோசனை வேண்டும். கடைசி வாரம் அதே நாடகத்தைப் போடலாம் என்று நகோமி சொல்கிறாள். ஒர்பாளுக்கு இரண்டு பக்கம் வசனம் நீயே எழுதி அனுப்பு. திரும்பிப் போகிறவள் வழியில் என்ன நினைத்திருப்பாள் என்பது உனக்குத்தான் தெரியும்.

உன் அன்புள்ள,
ரூத்