மாதக் கூட்டம் இனிக் காணொளியில்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மாதந்தோறும் எங்கள் அலுவலக மாடியில் நடத்திவந்த ஜிஎஸ்டி விளக்கக் கூட்டம் இந்த மாதம் முதல் ஜூம் வழியாக நடைபெறும். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கடைசித் தேதி 11, வரிக் கணக்கைக் காட்டிக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் கடைசித் தேதி 20 என்பதால் கூட்டத்தை 7ஆம் தேதிக்கு மேல் தள்ள இயலவில்லை. அந்த நாட்களில் டெலிவரியை விட்டுவிட்டுத் திருப்பூர் நெரிசலில் வந்து சேர்வது பெரும்பாடு என்று உங்களில் பலர் சொன்னதே இம்மாற்றத்துக்குக் காரணம்.

சென்ற மாதம் ஒருமுறை நடத்திப் பார்த்தோம். படம் தெளிவாகவே இருந்தது, பேச்சுதான் விளங்கவில்லை. ஒருவர் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் பக்கத்திலிருந்தே இணைந்ததால், அவர் வாய் திறக்காதபோதும் மெஷின் பேசிக்கொண்டிருந்தது. ஒரே அறையிலிருந்த தந்தையும் மகனும் ஆளுக்கொரு கைப்பேசியில் இணைந்தபோது, ஒன்றின் ஸ்பீக்கர் ஒலி மற்றதன் மைக்கில் புகுந்து, திரும்பத் திரும்பச் சுற்றி வீறிட்டது. ஆகவே ஓர் இடத்துக்கு ஒரு கைப்பேசி போதும். பேசும் நேரம் தவிர மைக்கை அணைத்து வையுங்கள். அதை யாரும் மரியாதைக் குறைவாக எண்ணமாட்டார்கள். நெட் திணறினால் கேமராவையும் நிறுத்திவிடலாம். படத்துக்கு ஆகும் டேட்டாவில் சிறு பங்கே குரலுக்குப் போதும். எங்களுக்கு முகத்தைவிடப் பில் எண் சரியாகக் கேட்பதே முக்கியம்.

ஜூமில் எங்களுடையது இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் கூட்டம் தானாக நின்றுவிடும். பணம் கட்டி நேரத்தை நீட்டிக்கலாமா என்று யோசித்து, வேண்டாமென விட்டுவிட்டோம். மாடியில் ஒன்றரை மணி நேரம் நடந்த கூட்டத்தில் பாதி நேரம் டீக்கும் நூல் விலைக்குமே போனது நமக்குத் தெரிந்ததுதான்.

பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். மறுநாள் காலை நாங்களே கான்ஃபரன்ஸ் காலில் அழைப்போம். ஓர் அழைப்பில் ஐந்து பேரை மட்டுமே சேர்க்க முடியும் என்பதால் ஐந்து ஐந்து பேராக அழைப்பு வரும். முகம் தெரியாத பேச்சு என்பதால், ஒவ்வொரு முறையும் யூனிட் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

உங்கள் திரையை மற்றவர்களுக்குக் காட்டும் முன் மெசேஜ் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வங்கி இருப்பும் ஓடிபியும் எல்லோர் கண்ணிலும் படும். தாக்கலுக்கான ஓடிபியை வழக்கம்போலத் தனியே அழைத்துத்தான் கேட்போம், கூட்டத்தில் கேட்கமாட்டோம். இணைப்பு முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப்பில் வரும். அதை வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கு மற்றும் வரி ஆலோசனை அலுவலகம்,
திருப்பூர்